வீட்டில் ஆறு வண்டி, இன்சூரன்ஸ் ஒன்று போதுமா?

போன தை மாதம், மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம், பெருந்துறைப் பக்கம் மாமா தோட்டத்துக்குப் போயிருந்தேன். காப்பி குடித்து முடிப்பதற்குள் அத்தை பீரோவைத் திறந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்து கயித்துக் கட்டிலில் கவிழ்த்தார். ஓரம் பிரிந்த ஆர்சி (வண்டிப் பதிவுச் சான்றிதழ்) புத்தகம் இரண்டு, ஆர்சி கார்டு நாலு, மடிப்பில் கிழிந்துபோன பாலிசித் தாள்கள், எப்போதோ காலாவதியான புகைச் சான்றிதழ், எந்த வண்டியுடையது என்று தெரியாத ஒரு சாவி.

"மாசத்துக்கு ஒருக்கா இன்சூரன்ஸ் முடியுது முடியுதுன்னு போன் வருது கண்ணு. எந்த வண்டிக்குன்னே தெரிய மாட்டேங்குது. இத்தனையும் சேத்தி ஒரே இன்சூரன்ஸா போட்டா ஆகாதா?" என்று கேட்டார்.

வாகன இன்சூரன்ஸ்தான் என் தொழில். கொங்குப் பக்கம் வீட்டுக்கு வீடு இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். தோட்டத்து வீடென்றால் கார் ஒன்று, பைக் ஒன்று, ஸ்கூட்டர் ஒன்று, பால் ஊற்றப் போக ஒரு டிவிஎஸ், தேங்காய் ஏற்ற ஒரு சின்ன யானை (டாடா ஏஸ் சரக்கு வண்டி) என்று வண்டிகள் சேர்ந்துவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பாலிசி போட வழி இருக்கிறது. ஆனால் அது எந்த வண்டிகளுக்குப் பொருந்தும், போட்டால் யாருக்கு நல்லது, யாருக்குக் கேடு என்பதெல்லாம் ஆர்சியில் எழுதியிருக்கும் பெயரை வைத்துத்தான் முடிவாகும். அதனால் அத்தையிடம் முதலில் செய்யச் சொன்னது, அந்த ஆறு ஆர்சியையும் பெயர் வாரியாகப் பிரித்து அடுக்குவது.

அடுக்கியபோது இப்படி வந்தது. ஸ்விஃப்ட் கார், பழைய ஆம்னி, சின்ன யானை, அத்தை ஓட்டும் ஸ்கூட்டர் என நாலும் மாமா பெயரில். பையன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போக வைத்திருக்கும் பைக் அவன் பெயரில். டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் அப்பாரு, அதாவது மாமாவின் அப்பா பெயரில். அப்பாரு காலமாகி மூன்று வருஷம் ஆகிறது.

பாலிசிக்குள் இருக்கும் இரண்டு பாலிசி

எந்த வண்டியின் பாலிசித் தாளையும் எடுத்துப் பாருங்கள். பிரீமியம் கணக்குப் போட்டிருக்கும் இடம் இரண்டு பத்தியாக இருக்கும். ஒன்று ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கு ஏற்படும் சேதம். மோதி நசுங்கினாலும், திருடு போனாலும், தீப்பிடித்தாலும், வெள்ளத்தில் மூழ்கினாலும் இந்தப் பத்தியிலிருந்துதான் பணம் வரும். இன்னொன்று தேர்ட் பார்ட்டி. நம் வண்டியால் அடுத்தவருக்கு உயிரோ உடம்போ உடைமையோ போனால் கொடுக்க வேண்டிய நஷ்டஈடு.

இரண்டாவது பத்தி சட்டப்படி கட்டாயம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு அதைச் சொல்கிறது. இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. முதல் பத்தி நம் விருப்பம். வண்டிக் கடன் இருந்தால் கடன் கொடுத்தவர்கள் அதையும் போடச் சொல்வார்கள்.

தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை இன்சூரன்ஸ் கம்பெனி நிர்ணயிப்பதில்லை, அரசாங்கம் நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, 1000 சிசிக்கு உட்பட்ட சொந்தக் காருக்கு வருஷத்துக்கு 2,094 ரூபாய். 1000-க்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய். அதற்கும் மேலே 7,897 ரூபாய். இருசக்கர வண்டியில் 75 சிசி வரை 538 ரூபாய், 75-க்கு மேல் 150 வரை 714 ரூபாய், 150-க்கு மேல் 350 வரை 1,366 ரூபாய். இதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

மாமாவின் ஸ்விஃப்ட் 1197 சிசி, ஆம்னி 796 சிசி, ஸ்கூட்டர் 110 சிசி. மூன்றுக்கும் 3,416, 2,094, 714. கூட்டினால் 6,224 ரூபாய். வரியோடு 7,344 ரூபாய். யாரிடம் போட்டாலும், தனித்தனியாகப் போட்டாலும் சேர்த்துப் போட்டாலும் இந்தத் தொகை இதுதான். ஒரே பாலிசியாகப் போட்டால் தேர்ட் பார்ட்டி குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேரம் பேச இடம் இருப்பது முதல் பத்தியில் மட்டும்தான்.

மாசத்துக்கு ஒரு போன் வருவதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. சாலை விபத்துகள் பற்றிக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் வந்த உத்தரவுப்படி, அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்கும் புது பைக்குக்கு ஐந்து வருஷத்துக்கும் தேர்ட் பார்ட்டியை மொத்தமாகப் போட்டுவிட வேண்டும். முதல் வருஷம் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர் இருந்ததால், அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு கிடைக்காமல் போனது. உடைந்த எலும்புகளை நாள்தோறும் பார்க்கிற ஒரு மருத்துவர், நம் ஊர்க்காரர், இதற்காக நீதிமன்றம் வரை போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

இதனால் ஒரே வண்டிக்கு இரண்டு தேதிகள் வந்துவிட்டன. பையனின் பைக்குக்குத் தேர்ட் பார்ட்டி இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, ஓன் டேமேஜ் மட்டும் வருஷா வருஷம் முடிகிறது. 2019 செப்டம்பர் முதல் ஓன் டேமேஜை மட்டும் தனியாக, வேறு கம்பெனியிலும் போடலாம். ஆறு வண்டி, எட்டு ஒன்பது தேதி. அத்தை குழம்பியதில் வியப்பில்லை.

கூட்டுக் கிணறு

அமெரிக்காவில் இருக்கும் மாமா மகள் போனில் சொல்வாள், "எங்களுக்கு ரெண்டு காரும் ஒரே பாலிசிதான், அதுக்குத் தள்ளுபடி வேற" என்று. அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி வீட்டைப் பார்க்கிறது. ஒரே முகவரியில் இருக்கும் வண்டிகளையும், அவற்றை ஓட்டுகிற ஆட்களையும் ஒரே பாலிசியில் எழுதிக்கொள்கிறார்கள். புருஷன் பெயரில் ஒரு கார், பெண்டாட்டி பெயரில் ஒரு கார் என்றாலும் சேர்த்துவிடலாம்.

நம் நாட்டில் அதற்குப் பக்கத்தில் வருவது ஃப்ளோட்டர் பாலிசி. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலை 6-ல் இதற்கு அனுமதி கொடுத்தது. அனுமதியிலேயே எல்லை வகுத்திருக்கிறார்கள். ஒரே தனிநபருக்குச் சொந்தமான வண்டிகளாக இருக்க வேண்டும். அவை சொந்த உபயோகக் காராகவோ இருசக்கர வண்டியாகவோ இருக்க வேண்டும். சேர்த்துக்கொள்வது ஓன் டேமேஜ் பகுதியை மட்டும். தேர்ட் பார்ட்டி ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக இருந்தே தீர வேண்டும்.

ஆக, வீடு ஒன்றாக இருப்பது இங்கே கணக்கில் வராது, பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதே கட்டிலில் மூன்று ஆர்சி ஒதுங்கிவிட்டன. பையன் பைக் அவன் பெயரில் இருப்பதால் சேராது. அப்பாரு டிவிஎஸ் சேராது. சின்ன யானை மாமா பெயரில் இருந்தாலும் சரக்கு வண்டி, அதற்கு வேறு வகைப் பாலிசி. டிராக்டரும் அப்படித்தான்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள் பலரும் காரைக் கம்பெனி பெயரிலோ பார்ட்னர்ஷிப் பெயரிலோ வாங்கியிருப்பார்கள். நம் கார்தானே என்று நினைக்கிறோம், ஆனால் ஆர்சியில் இருப்பது கம்பெனி. தனிநபருக்கான ஃப்ளோட்டரில் அது வராது.

ஃப்ளோட்டர் எப்படி வேலை செய்கிறது என்று மாமாவுக்குக் கிணற்றை வைத்துத்தான் சொன்னேன். வண்டிக்கு ஒரு கிணறு என்று தனித்தனியாக வெட்டுவதற்குப் பதில், மூன்று காட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. எந்தக் காடு காய்கிறதோ அங்கே மடையைத் திருப்பிக்கொள்ளலாம். ஒரே ஆள் ஒரே நேரத்தில் மூன்று வண்டியை ஓட்ட முடியாது, ஆகவே மூன்றும் ஒரே நாளில் அடிபடும் வாய்ப்பு குறைவு. அதை வைத்துத்தான் பிரீமியத்தைக் குறைத்துக் கொடுக்க முடிகிறது. சேர்ப்பதில் லாபம் வருவது இந்த இடத்தில்தான்.

மாமா உடனே கேட்டார், "மூணு காடும் ஒரே நாள்ல காஞ்சா?" சரியான கேள்வி. சித்திரை, வைகாசியில் வீசுகிற காற்றில் வாசலோரத் தென்னை முறிந்து போர்டிகோ மேல் விழுந்தால் கார், ஸ்கூட்டர் இரண்டும் சேர்ந்துதான் நசுங்கும். பொதுவாக ஒரு தொகையை வைத்து, அதையே உச்ச வரம்பாகக் கொண்ட பாலிசியாக இருந்தால், இரண்டு வண்டிச் சேதமும் அந்த ஒரு தொகைக்குள் அடங்க வேண்டியிருக்கும். அதனால் வாங்குவதற்கு முன்பு எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய பதில் இது: ஒவ்வொரு வண்டிக்கும் அதன் மதிப்பு தனியாக எழுதியிருக்கிறதா, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகையா? வண்டியின் மதிப்பை ஐடிவி என்று போட்டிருப்பார்கள். ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கு ஏற்றபடி கழித்து வருகிற தொகை. இரண்டு வருஷத்தைத் தாண்டி மூன்று வருஷத்துக்குள் இருக்கும் வண்டிக்கு 30 சதவீதம் கழியும், நாலைத் தாண்டி ஐந்துக்குள் என்றால் பாதி கழிந்துவிடும். ஐந்து வருஷத்துக்கு மேல் நாமும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்கிற தொகை.

நோ கிளெய்ம் போனஸ் பற்றியும் கேட்க வேண்டும். கிளெய்ம் செய்யாமல் இருந்தால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருஷா வருஷம் ஏறுகிற தள்ளுபடி அது. ஐந்து வருஷம் காத்துக் கிடந்து காருக்கு 50 சதவீதம் சேர்த்திருப்போம். ஃப்ளோட்டரில் சேர்த்த பிறகு ஸ்கூட்டரின் கண்ணாடிக்கும் மட்கார்டுக்கும் ஒரு கிளெய்ம் போட்டால், காரின் 50 சதவீதமும் சேர்ந்து போகுமா? இந்தக் கேள்விக்கு 'போகாது' என்று எழுத்தில் பதில் வராவிட்டால், நான் யாரையும் சேர்க்கச் சொல்ல மாட்டேன். மாமாவின் ஸ்விஃப்டுக்கு இப்போது 45 சதவீதம். அதைப் பணயம் வைத்து ஸ்கூட்டருக்கு மிச்சப்படுத்துவது கணக்குக்கு ஆகாது.

பதினைந்து லட்சம் யாருக்கு?

இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மாமாவின் பாலிசிகளைப் புரட்டியபோது தேர்ட் பார்ட்டி பத்தியின் கீழே ஒரு வரி நாலு தாளிலும் இருந்தது. உரிமையாளர் ஓட்டுநருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு, 15 லட்சம் ரூபாய். வண்டியின் உரிமையாளர் தன் வண்டியிலேயே விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம். ஒரு கை அல்லது கால் போனால் அதில் பாதி. அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும்.

இது ஆளுக்கான காப்பீடு, வண்டிக்கானது இல்லை. 2019 ஜனவரியிலிருந்து, ஒருவருக்கு எத்தனை வண்டி இருந்தாலும் இதை ஒரு தடவை வாங்கினால் போதும். வேறு எங்காவது 15 லட்சத்துக்குக் குறையாத தனிநபர் விபத்துப் பாலிசி இருந்தால் இது தேவையே இல்லை. மாமா நாலு தாளிலும் இதற்குப் பணம் கட்டியிருந்தார். வண்டி வாங்கிய இடத்தில் போட்டுக் கொடுத்தார்கள், பிறகு அப்படியே புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார். யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய்தான், ஆனால் மூன்று வண்டியில் வருஷா வருஷம் போனது. புதுப்பிக்கும்போது, ஏற்கெனவே எடுத்திருக்கிறேன் என்று அந்தப் பாலிசி எண்ணைக் கொடுத்து எழுதிக் கொடுத்தால் அந்த வரியை எடுத்துவிடுவார்கள். ஒரே பாலிசி போட முடியாத வீட்டுக்கும் கைமேல் கிடைக்கிற மிச்சம் இது.

சரி, இப்போது அத்தையின் ஸ்கூட்டருக்கு வருவோம். அதை ஓட்டுவது அத்தை. காலையில் சொசைட்டிக்குப் பால், மத்தியானம் டவுனில் மளிகை, வாரம் ஒருநாள் சந்தை. ஆர்சியில் மாமா பெயர். வாய்க்கால் மேட்டு மண்தடத்தில் மழை பெய்த நாள் வண்டி சறுக்கி அத்தை விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். யாரும் மோதவில்லை. பாலிசி வாசகப்படி அந்த 15 லட்சத்தில் அத்தைக்கு ஒரு ரூபாய் கிடையாது. பாலிசியில் மாமா பெயர் போட்டு எழுதியிருக்கும் காப்பீடு மாமாவுக்கு மட்டும்தான்.

சரி, தேர்ட் பார்ட்டியில் கேட்கலாமே என்று தோன்றும். அதற்கும் 2009-ல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. இன்னொருவருடைய மோட்டார் சைக்கிளை வாங்கி ஓட்டிப் போனவர், முன்னால் போன மாட்டு வண்டியில் மோதி இறந்துபோனார். வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், ஆகவே யார் மேல் தப்பு என்று பார்க்காமல் நஷ்டஈடு கொடுத்துவந்த, அப்போது இருந்த 163-ஏ பிரிவில் அந்த வண்டியின் இன்சூரன்ஸிடம் அவர் குடும்பம் கேட்க முடியாது என்று தீர்ப்பு. எதிரே வந்த வண்டியின் தப்பால் விபத்து நடந்தால் அந்த வண்டியின் இன்சூரன்ஸில் கேட்கலாம். தானாக விழுந்தால் வழியில்லை.

நம் பக்கம் எத்தனை பெண்கள் புருஷன் பெயரில் இருக்கும் ஸ்கூட்டரை ஓட்டுகிறார்கள்! பள்ளிக்கூட டீச்சர், பனியன் கம்பெனிக்குப் போகிறவர், பால் ஊற்றுகிறவர். வண்டி வாங்கும்போது ஆதார் கார்டைக் கொடுத்தவர் யாரோ அவர் பெயரில் ஆர்சி வந்துவிடுகிறது. எல்லாம் ஒரே பெயரில் இருந்தால் ஃப்ளோட்டருக்கு வசதி என்று யோசித்து, பெண்டாட்டி பெயரில் இருக்கிற வண்டியையும் புருஷன் பெயருக்கு மாற்றுகிறேன் என்று ஒருவர் என்னிடம் வந்தார். வேண்டாம் என்று கையைப் பிடிக்காத குறையாகச் சொல்லி அனுப்பினேன். ஓன் டேமேஜில் மிச்சமாகும் சிறு தொகைக்காக, தினமும் அந்த வண்டியில் போகிற மனுஷிக்கு இருக்கிற 15 லட்சத்தை எடுத்துவிடுகிறோம்.

அத்தைக்கு இரண்டு வழி சொன்னேன். ஸ்கூட்டரை அவர் பெயருக்கே மாற்றி, பாலிசியில் இந்த விபத்துக் காப்பீட்டை அவர் பெயரில் வாங்கலாம். அல்லது பெயர் மாற்றாமல், அவருக்கென்று தனியாக ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி எடுக்கலாம். அது எந்த வண்டியில் போனாலும், பஸ்ஸில் போனாலும், நடந்து போனாலும் செல்லும். எதை எடுத்தாலும் சரி, கூடவே வங்கியில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேர்ந்துவிடச் சொன்னேன். 18 முதல் 70 வயது வரை சேரலாம், வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். சேமிப்புக் கணக்கு இருந்தால் போதும்.

யார் ஓட்டலாம் என்ற சந்தேகமும் அப்போது வந்தது. அமெரிக்கா மாதிரி இங்கே ஓட்டுகிறவர் பெயரெல்லாம் எழுத வேண்டியதில்லை. செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் யார் ஓட்டினாலும் மாமாவின் கார் பாலிசி செல்லும், மச்சான் ஓட்டினாலும் செல்லும். லைசென்ஸ் இல்லாத பிள்ளை ஓட்டினால்தான் சிக்கல். கியர் இல்லாத வண்டிதானே, பதினாறு வயதில் ஓட்டலாம் என்று டிவிஎஸ்ஸைக் கொடுத்து டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். பதினாறு வயதில் ஓட்ட அனுமதி 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்குத்தான். எக்ஸ்எல் சூப்பர் 70 சிசிக்குக் கிட்ட இருக்கிறது, இப்போது வருகிற எக்ஸ்எல் 100 நூறு சிசிக்குக் கிட்ட. சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் வண்டிக்காரருக்கோ பெற்றவருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும். வண்டியின் பதிவும் ஒரு வருஷத்துக்கு ரத்து.

அப்பாருவின் டிவிஎஸ்

இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டிக்கு வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆன்லைனில் நம்பரைப் போட்டால் பிரீமியம் வருகிறது, கட்டினால் பாலிசி வருகிறது, எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரிகிறது. நாளைக்கு விபத்து என்று வந்தால் பாலிசிக்காரர் உயிரோடு இல்லை என்ற இடத்திலேயே பேச்சு நின்றுவிடும்.

சட்டப்படி, வண்டிக்காரர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதம் வரை வாரிசு ஓட்டலாம், அதற்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். மாமாவுக்கு இரண்டு தங்கைகள், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கால தாமதத்துக்குக் கட்டணம் சேரும், ஆனாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். 2021-லிருந்து ஆர்சியிலேயே நாமினி பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். அன்றைக்கே மாமாவின் வண்டிகளுக்கு அத்தையை நாமினியாகப் போடச் சொன்னேன்.

இறந்தவர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ், வண்டி வந்து சேரும் மனைவிக்கோ மகனுக்கோ மகளுக்கோ கிடைக்கும் என்பதையும் பலர் கேட்பதில்லை. உயிரோடு இருப்பவர் வண்டியை விற்றாலும் போனஸ் அவருடையது, வண்டியோடு போகாது. விற்ற காருக்குச் சான்று வாங்கி வைத்துக்கொண்டு மூன்று வருஷத்துக்குள் வாங்கும் வேறு காருக்குப் போட்டுக்கொள்ளலாம். காரின் போனஸைப் பைக்குக்குப் போட முடியாது.

விற்ற வண்டி என்றதும் இன்னொன்று. புரோக்கரிடம் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். 2018-ல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில், கார் எத்தனை கை மாறியிருந்தாலும் விபத்து நடந்த நாளில் ஆர்சியில் யார் பெயர் இருந்ததோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கியவர் பெயருக்கு மாறியதா என்று நாமே பார்த்துவிட வேண்டும். வாங்குகிற பக்கம் இருந்தால், 14 நாளுக்குள் பாலிசியையும் நம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். தேர்ட் பார்ட்டி தானாக வந்து சேரும், ஓன் டேமேஜ் வராது.

கடைசியாக ஆம்னி. வாங்கிப் பதினைந்து வருஷம் தாண்டிவிட்டது, பதிவைப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள். பின் சீட்டைக் கழற்றிவிட்டுத் தேங்காய் மூட்டையும் தீவனமும் ஏற்றுகிறார்கள். சொந்த உபயோகக் கார் பாலிசியில், வாடகைக்கு விடுவதற்கும், நம் சாமான், சாம்பிள் தவிர்த்த சரக்கு ஏற்றுவதற்கும் காப்பீடு செல்லாது என்று எழுதியிருக்கிறது. கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப் போய்க் காசு வாங்கினாலும் இதே கதைதான். சரக்குக்குத்தான் சின்ன யானை இருக்கிறதே, அதில் ஏற்றுங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். ஆம்னிக்கு இப்போது கிடைக்கும் மதிப்பைப் பார்த்தால் ஓன் டேமேஜ் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை, தேர்ட் பார்ட்டி மட்டும் போதும்.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால், ஸ்கூட்டர் அத்தை பெயருக்குப் போகிறது, ஆம்னிக்கு ஓன் டேமேஜ் வேண்டாம், மாமா பெயரில் ஓன் டேமேஜ் போட வேண்டியது ஸ்விஃப்ட் மட்டும். ஃப்ளோட்டரில் சேர்க்க இரண்டாவது வண்டியே இல்லை. பையனுக்கு அடுத்த வருஷம் கார் வாங்கும் யோசனை இருக்கிறது. அவன் பெயரில் பைக், கார் இரண்டும், ஓட்டுவதும் அவன் ஒருவனே என்றால், ஃப்ளோட்டர் அவனுக்குத்தான் சரியாகப் பொருந்தும்.

தேதிகள் சிதறிக் கிடப்பதற்கு மட்டும் ஒரு வேலை செய்தோம். ஒரு வருஷப் பாலிசியை, கிளெய்ம் எதுவும் இல்லாதபோது இடையிலேயே ரத்து செய்து மீதி நாளுக்கான பிரீமியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள 2024 ஜூனிலிருந்து விதி இடம் தருகிறது. தேர்ட் பார்ட்டி ஒருநாள் கூட விட்டுப்போகாதபடி புதுப் பாலிசியை முதலில் எடுத்துக்கொண்டு பழையதை ரத்து செய்ய வேண்டும். ஓன் டேமேஜ் முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்த போனஸ் முழுதும் போய்விடும் என்பதால் அதையும் நாள் பார்த்துத்தான் நகர்த்தினேன். ஒரு வருஷப் பாலிசிகளை எல்லாம் தை மாதத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. மஞ்சள் விற்ற பணம் கையில் இருக்கும் நேரம்.

கிளம்பும்போது அத்தை ஆறு ஆர்சியையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் வண்டி யாருடையது, இன்சூரன்ஸ் எந்தத் தேதி என்று பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார். ஸ்கூட்டர் உறையில் மட்டும் மாமா பெயரை எழுதாமல் தன் பெயரை எழுதியிருந்தார். படிவம் 30-ல் மாமா கையெழுத்தும் வாங்கி உள்ளே வைத்திருந்தார்.